அறியாமையும் பொறுப்பும்: வேட்டைத் துப்பாக்கியை முன்வைத்து ஓர் அறவியல் நோக்கு

அறியாமற் செய்த தீங்கிற்கு ஒருவன் பொறுப்பாளியாவானா என்னும் வினா அறவியலில் மிகப் பழையது. இராமாயணத் தசரதன், குடத்தில் நீர் நிறையும் ஓசையை யானையின் ஓசையெனக் கருதி இருளில் அம்பெய்தான். வீழ்ந்தவனோ பார்வையற்ற பெற்றோருக்கு நீர் மொள்ள வந்த இளைஞன். மனிதனைக் கொல்லும் எண்ணம் தசரதனுக்கு இருந்ததில்லை. ஆயினும் சாபத்தினின்றும் அவன் தப்பவில்லை. கொலைஞனுக்கும் குற்றமற்றவனுக்கும் இடைப்பட்ட இந்நிலை யாது என்பதே ஈண்டு ஆராயற்பாலது.

அரிஸ்டோட்டில் தமது நிக்கோமாக்கிய அறவியலின் மூன்றாம் நூலில் இதற்கு விடை தேடுகின்றார். தன் அறியாமைக்குத் தானே காரணமானவன் அதனைச் சாட்டாகக் கொள்ளவியலாது என்பது அவர் கருத்து. குடிபோதையிற் குற்றமிழைத்தவனுக்கு இரட்டைத் தண்டனை விதிக்கப்பட்டதை அவர் எடுத்துக்காட்டுவர். குடியாதிருத்தல் அவன் வசத்திலேயே இருந்ததன்றோ? அவ்வாறே, விடியும்வரை வில்லைத் தாழ்த்தியிருத்தலும் தசரதன் வசத்திலேயே இருந்தது.

வேட்டைக்காரருக்கு இன்று புகட்டப்படும் விதிகள் நான்கு. எத்துப்பாக்கியையும் ரவை நிரம்பியதாகவே கொள்ளல் வேண்டும். அழிக்க விரும்பாத எதனையும் நோக்கிக் குழலைத் திருப்பலாகாது. குறி பொருந்தும்வரை விரல் விசையைத் தீண்டலாகாது. இலக்கையும் அதற்கு அப்பாலுள்ளதையும் ஐயமற அறிதல் வேண்டும். சிறு துப்பாக்கியின் சன்னமும் ஒரு மைலுக்கு அப்பாற் செல்லவல்லது. இவற்றுள் முதல் விதி ஆழ்ந்து நோக்கத்தக்கது. வெறுமையானதென ஒருவன் உறுதியாக நம்பும் துப்பாக்கியையும் அது விலக்கவில்லை. அறிந்துவிட்டோம் என்னும் உணர்வு வேறு, அறிவு வேறு என்னும் உண்மையையே அது கைப்பழக்கமாக்குகின்றது.

1988 நவம்பரில், ஐக்கிய அமெரிக்காவின் மெயின் மாநிலத்தில், வீட்டின் பின்புறத்தே நின்ற பெண்ணொருத்தி மான்வேட்டையாடிய ஒருவனின் சன்னம் பட்டு மாண்டாள். அவள் அணிந்திருந்த வெள்ளைக் கையுறைகள் மானின் வெண்வாலெனத் தோன்றியிருக்கலாம் எனப் பேசப்பட்டது. அவற்றை அணிந்தது அவள் பிழையே என்றாரும் உளர். 1990 இல் யூரிமார் அவ்வேட்டைக்காரனைக் குற்றவாளியல்லன் எனத் தீர்த்தனர். ஆயினும் 1991 இல் அம்மாநிலம் இலக்கறிதலைச் சட்டக் கடமையாக்கிற்று. ஓசையை மட்டும் நம்பலாகாது, விலங்கின் தலையையும் உடலையும் ஏறத்தாழ மறைப்பின்றிக் காணல் வேண்டும் என்பது அதன் சாரம். பார்க்கப்பட்டவள் மேற் சுமத்தப்பட்ட பொறுப்பு, பார்ப்பவனிடமே மீண்டது.

இங்கு ஒரு தடை எழும். கவனமின்றிச் சுட்ட இருவருள் ஒருவனது சன்னம் மரத்திலும் மற்றவனது மனிதனிலும் பாயின், இருவரும் ஒரே குற்றவாளிகளா? 1976 இல் பேர்ணாட் வில்லியம்சும் தோமஸ் நேகலும் இச்சிக்கலை ஆராய்ந்தனர். விசையை அழுத்திய கணத்து இருவரது குற்றமும் ஒன்றே எனலாம். வாழ்நாளெல்லாஞ் சுமக்க நேரும் துயரே வேறுபடுகின்றது. மரத்தைச் சுட்டவன் தன்னை நல்லவனெனக் கருதுவதற்கு அவனது நற்பேறன்றி வேறு ஆதாரமில்லை.

இலங்கையின் உலர்வலயத்திற் காட்டுப்பன்றிக்கென மறைத்து வைக்கப்படும் கட்டுத்துவக்கு இவ்வினாவின் எல்லையிலே நிற்கின்றது. கம்பியில் இடறும் கால் பன்றியுடையதா, விறகு பொறுக்க வந்தவருடையதா என அது அறியாது. வைத்தவனோ வீட்டில் உறங்குவான். தசரதன் செவியையேனும் நம்பினான். மெயின் வேட்டைக்காரன் கண்ணின் ஓரத்தையேனும் நம்பினான். கட்டுத்துவக்கு வைப்பவனோ அறியாமையையே தன் கருவியாக முன்கூட்டித் தெரிந்துகொள்கின்றான். அறியாமல் நேர்ந்தது என்னும் சொல் அவனுக்கு எங்ஙனம் பொருந்தும்?