மடியில் தலைசாய்த்த வேளை

எம் மரணவீடுகளில் பெட்டியைச் சுற்றி நின்று படமெடுப்பது பழைய வழக்கம். தூரதேசத்துப் பிள்ளைகளுக்கு அது தேவைதான். ஆனால் உயிர் பிரியும் வேளையிலும் கமெராவை நீட்டலாமா?

காந்தியடிகளின் உறவினர் கனு காந்தி, ஏறக்குறைய பத்து ஆண்டுகள் அவரைப் படம்பிடித்தவர். கமெரா வாங்க 100 ரூபா கொடுத்தவர் தொழிலதிபர் பிர்லா. காந்தியடிகளோ மூன்று நிபந்தனைகள் விதித்தார்: பிளாஷ் வெளிச்சம் கூடாது, படத்துக்காக நிற்கச் சொல்லக்கூடாது, ஆச்சிரமம் பணம் தராது.

இந்த நிபந்தனைகளுக்குள்ளேயே அவரது அன்றாட வாழ்வு முழுவதும் படமாயிற்று. ஆனால் ஒருமுறை அவர் அடியோடு மறுத்தார். 1944 பெப்ரவரியில், பூனா ஆகாகான் மாளிகைக் காவலில், கஸ்தூரிபாய் அம்மையார் இறக்குந் தறுவாயில் அவர் மடியில் தலைசாய்த்திருந்தார். அந்தக் காட்சியைப் பிடிக்கக் கனுவுக்கு அனுமதி கிடைக்கவில்லை.

வரலாறு ஓர் அரிய படத்தை இழந்தது என்பீர்கள். இழந்தது உண்மையே. ஆனாலும் காந்தியடிகள் தமக்கு வேண்டாததை வேண்டாம் என்று சொல்லக்கூடியவர்; அம்மையார் அப்போது அப்படிச் சொல்லும் நிலையில் இல்லை. அவருக்காகவும் ஒருவர் சொல்ல வேண்டியிருந்தது.

இன்று நோயில்பூசுதல் கொடுக்கக் குருவானவர் வரும்போதே கைத்தொலைபேசிகள் உயருகின்றன. கட்டிலில் கிடக்கும் அம்மாவை யாராவது கேட்டார்களா?