போனில் தெரியும் பாலாறு

பாலாற்று மாசு பற்றி வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று வழங்கிய தீர்ப்பை இன்று எவரும் போனிலேயே படித்துவிடலாம். 2008இல் தொடங்கிய இந்தியன் கானூன் தளத்தில் காசு கொடுக்காமலே கிடைக்கிறது. மாசு செய்தவரே ஈடு கொடுக்க வேண்டும் என்ற கோட்பாட்டுக்காகச் சட்ட மாணவர்கள் அதைப் படிக்கிறார்கள். சமூக ஆய்வுக்கு வருகிறவர்கள் படிக்க வேண்டியது அதிலுள்ள கணக்குகளை. தோல் பதனிடும் வட்டாரத்தில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ பாழ்பட்டுவிட்டது என்று வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆய்வு மையம் கணித்திருந்தது. திண்டுக்கல் பக்கம் 13 ஊர்களில் ஒரு தொண்டு நிறுவனம் 467 கிணறுகளை ஆராய்ந்து, 350 கெட்டுவிட்டன என்றது. யாரோ வரப்பில் நடந்து, கிணறு கிணறாகப் பார்த்து எழுதிய எண்கள் அவை.

இன்று வேலூர்ப் பக்கத்துத் தோல் வட்டாரத்தை ஆராய வரும் மாணவர் முதலில் திறப்பது கூகுளை. அதில் குறை காண முடியாது. 2021இல் நடந்திருக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2027க்குப் போய்விட்டது. ஆம்பூரும் வாணியம்பாடியும் 2019 முதல் திருப்பத்தூர் மாவட்டத்தில் இருக்கின்றன. கடைசியாக வந்த கணக்கெடுப்புப் புத்தகத்தில் அவை வேலூர் மாவட்டம்தான். ஷூ கம்பெனிக்குள் நுழைய அனுமதி வாங்குவதற்குள் ஆய்வுக் காலமே முடிந்துவிடும். இணையத்துக்கு வாட்ச்மேன் கிடையாது. ஆனால் அங்கே அள்ளுவது எதற்குச் சாட்சி, எதற்குச் சாட்சி ஆகாது என்பதைப் பிரித்துப் பார்க்கத்தான் ஆள் குறைவு.

என் அனுபவத்தில், ஆய்வாளருக்காக என்று எழுதப்படாதவைதான் இணையத்தில் நம்பகமானவை. வேலைக்கு ஆள் தேவை என்று முகநூல் குழுக்களில் வரும் விளம்பரங்களையே எடுத்துக்கொள்ளலாம். ஸ்டிச்சிங்குக்கு ஆள் வேண்டும், அனுபவம் தேவையில்லை, பி.எஃப்., இ.எஸ்.ஐ. உண்டு, இன்ன இன்ன ஊரிலிருந்து கம்பெனி பஸ் உண்டு என்று இருக்கும். அந்த ஊர்ப் பெயர்களை ஒரு வரைபடத்தில் குறித்துக்கொண்டே போனால், ஆம்பூரின் தையல் மெஷின்களுக்கு எத்தனை தூரத்திலிருந்து கைகள் வருகின்றன என்பது தெரியும். அடுத்த ஆண்டு விளம்பரத்தில் புது ஊர் சேர்ந்திருந்தால், பக்கத்து ஊர்களில் ஆள் கிடைக்கவில்லை என்று ஊகிக்க இடமுண்டு. பஸ் எந்த ஊருக்கு வரும் என்பதில் பொய் சொல்லி யாருக்கும் லாபமில்லை. அதே விளம்பரத்தில் உள்ள சம்பளத் தொகையை மட்டும் அப்படியே எடுத்து எழுதிவிடக் கூடாது. அது வாக்குறுதி, சம்பளச் சீட்டு அல்ல.

உலக அளவில் திறந்து கிடக்கும் பட்டியல்களும் உண்டு. 2019இல் ஓப்பன் அப்பேரல் ரெஜிஸ்ட்ரி என்று தொடங்கி, இப்போது ஓப்பன் சப்ளை ஹப் என்ற பெயரில் நடக்கும் தளத்தில் எந்தத் தொழிற்சாலை எங்கே இருக்கிறது, எந்த பிராண்டு அதைத் தன் சப்ளையர் என்று சொல்லியிருக்கிறது என்பதைப் பார்க்கலாம். பயனுள்ள தளம்தான். ஆனால் அந்தப் பட்டியல் கம்பெனி கேட்டோடு நின்றுவிடுகிறது. கேட்டுக்கு வெளியே ஏஜென்ட் ஒருவர் வெட்டிய ஷூ மேல்பாகங்களை மூட்டையாகக் கட்டி வீடு வீடாகக் கொடுப்பதும், பெண்கள் சமையலுக்கும் பிள்ளைகளுக்கும் நடுவே அதைக் கையால் தைப்பதும், பீஸ் ரேட்டில் காசு வருவதும் எந்தப் பட்டியலிலும் ஏறாது. பெங்களூருவின் சிவிடெப் அமைப்பும் பிரிட்டனின் ஹோம்வொர்க்கர்ஸ் வேர்ல்டுவைடும் சேர்ந்து 2016இல் வெளியிட்ட அறிக்கை இந்தப் பெண்களைப் பற்றியது. ஒரு ஜோடிக்கு அவர்கள் கைக்கு வந்தது 10 பென்ஸுக்கும் குறைவு என்று அது சொன்னது. அந்த விவரம் கிடைத்தது வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசியதால். தேடுபொறியில் அது அகப்பட்டிருக்காது.

அந்தப் பெண்கள் ஏன் இணையத்தில் பேசுவதில்லை? 2019–21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இந்தியாவில் ஒருமுறையேனும் இணையத்தைப் பயன்படுத்திய பெண்கள் 33.3 சதவீதம், ஆண்கள் 57.1 சதவீதம். பயன்படுத்தியதும் பெரும்பாலும் பார்க்கத்தான். பொதுவெளியில் எழுத அல்ல. போன் வீட்டுக்கு ஒன்று என்றால் மாலையில் அது யார் கையில் இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. பெண் விஷயம் இப்படி என்றால் மொழி விஷயம் இன்னும் சிக்கல். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் பக்கம் உருது வீட்டு மொழியாக உள்ள குடும்பங்கள் ஏராளம். தமிழையும் உருதையும் ஆங்கில எழுத்தில் தட்டுகிறவர்கள் பலர். எழுதுவதற்குப் பதில் வாய்ஸ் மெசேஜ் போடுகிறவர்கள் அதைவிடப் பலர். தமிழ் எழுத்தில் நாலு சொல்லைக் கொடுத்துத் தேடி, வந்ததை எண்ணி, 'தோல் தொழிலாளர் கருத்து' என்று அட்டவணை போட்டால், அந்த அட்டவணையில் இருப்பது தமிழில் தட்டச்சு செய்யும் ஆண்களின் கருத்து.

மொழிச் சிக்கல் உருதோடு முடிவதில்லை. ராணிப்பேட்டை சிப்காட்டில் 2015 ஜனவரி 31 அன்று தோல் கழிவுப் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து, தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் 10 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள். அவர்களின் துயரம் எந்த மொழியில், எந்தக் குழுவில் பேசப்பட்டிருக்கும்? தமிழ்ப் பதிவுகளைப் புரட்டினால் நிர்வாகத்தின் மீதும் அரசின் மீதும் கோபம் கிடைக்கும். அந்த வீடுகளின் குரல் கிடைக்காது.

காட்சிகள் தனி வகை. மழைக்காலம் வந்தால் ஆம்பூர் அருகே மாராப்பட்டில் பாலாறு வெள்ளை வெளேரென்று நுரை தள்ளும் வீடியோ எல்லா போன்களுக்கும் வந்துவிடும். மழைத் தண்ணீரோடு கழிவையும் திறந்துவிட்டார்கள் என்பது ஊராரின் குற்றச்சாட்டு. இந்த வீடியோக்களைத் திரட்டி எண்ணினால் மாசின் அளவு வந்துவிடுமா? வராது. மழை பெய்தது, பாலத்தில் ஒருவர் நின்றார், அவரிடம் போன் இருந்தது, பார்த்தவர்கள் பகிர்ந்தார்கள் என்ற நான்கும் சேர்ந்த எண்ணிக்கைதான் வரும். போன வருட வீடியோவே இந்த வருட மழைக்கும் சுற்றுவது தனிக்கதை. இதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று உண்டு. பச்சைத் தோல் அழுகாமல் இருக்கப் போடும் உப்பு கழிவோடு கலந்து நிலத்தடிக்கு இறங்குவதுதான் இந்த வட்டாரத்தின் நீண்ட நோய். உப்புக் கரித்த கிணறு நுரைக்காது. படத்தில் நல்ல கிணறு மாதிரியே இருக்கும். ஆகவே வீடியோவை நம்பி ஆராய்பவர் பளிச்சென்று தெரியும் மாசை மட்டும் ஆராய்வார்.

அப்படியானால் இணையக் குழுக்களை விட்டுவிடலாமா? அதுவும் தவறு. ஆய்வாளர் ஸ்ரீராம் வெங்கட்ராமன் 2017இல் எழுதிய 'சோஷியல் மீடியா இன் சவுத் இந்தியா' என்ற நூல் ஒரு நல்ல வழியைக் காட்டுகிறது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜின் சமூக ஊடக ஆய்வுத் திட்டத்துக்காக, சென்னையின் ஐ.டி. சாலையோரக் கிராமங்களில் அவர் 15 மாதம் களப்பணி செய்தார். ஊருக்குப் பஞ்சகிராமி என்று புனைபெயர் வைத்தார். மக்களின் முகநூல், வாட்ஸ்அப் பழக்கங்களை அவர்களுடன் பழகியபடியே பார்த்ததால், சாதியும் வயதும் ஆண் பெண் வேறுபாடும் திரைக்குள்ளும் தொடர்வதை அவரால் எழுத முடிந்தது. திரையை மட்டும் பார்த்திருந்தால் அதில் பாதி பிடிபட்டிருக்காது. வாட்ஸ்அப்பின் மூடிய குழுக்களை வெளியிலிருந்து யாரும் திரட்டவும் முடியாது. உள்ளே இருப்பவர் சம்மதித்துக் கொடுத்தால்தான் உண்டு. பதிவுகளைத் திரட்டுவதற்கான இலவச அணுகலை ட்விட்டர் 2023இல் மூடியது, பொதுப் பதிவுகளைத் தேட உதவிய கிரவுட்டேங்கிளை மெட்டா 2024 ஆகஸ்டில் மூடியது. அள்ளிக்கொண்டு போகும் காலம் முடிந்துவருகிறது என்பதில் எனக்கு வருத்தமில்லை.

ஏனென்றால் அள்ளுவதில் ஆபத்து அதிகம். 2008இல் ஓர் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களின் முகநூல் விவரங்களைப் பெயர் நீக்கி ஆய்வுக்கு வெளியிட்டார்கள். அது ஹார்வர்டு என்று விரைவிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். அத்தனை பெரிய பல்கலைக்கழகமே மறைய முடியவில்லை என்றால் ஆம்பூர் எம்மாத்திரம்? ஒரு தொழிலாளி சூப்பர்வைசரைப் பற்றிப் போட்ட பதிவை ஆய்வேட்டில் வரி மாறாமல் மேற்கோள் காட்டினால், அந்த வரியைத் தேடலில் போட்டு ஆளைப் பிடிக்க இரண்டு நிமிடம் போதும். அவருக்கு வேலை போகும், ஆய்வாளருக்குப் பட்டம் வரும். 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவர் தாமே பகிரங்கப்படுத்திய தகவலுக்குப் பொருந்தாது. சட்டம் கேட்காவிட்டாலும் சம்மதம் கேட்டாக வேண்டும். கேட்க முடியாதபோது சொற்களை மாற்றிச் சாரத்தை மட்டும் எழுத வேண்டும். இணையத்தில் எடுத்தது 'இரண்டாம் நிலைத் தரவு', யார் அனுமதியும் வேண்டாம் என்று நெறியாளர்கள் கையெழுத்துப் போடுவது சோம்பேறித்தனம்.

பாலாற்று வழக்கு 1996 தீர்ப்போடு முடிந்துவிடவில்லை. 2025 ஜனவரி 30 அன்றும் உச்ச நீதிமன்றம் ஈட்டுத் தொகை பற்றித் தீர்ப்பளித்து, தொடர்ந்து கண்காணிப்பதாகச் சொன்னது. ஆகவே ஆற்றோரம் நிற்கும் வாசகருக்கு ஒரு வேண்டுகோள். நுரையைப் படம் பிடித்தால் பாலமோ மைல்கல்லோ சட்டகத்துக்குள் வரட்டும். தேதி, நேரம், இடத்தை வாய்விட்டுச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் வழக்கம்போல் அனுப்பும்போது படத்தோடு பதிவான இட, நேர விவரங்கள் கழன்றுவிடும், அதனால் அசலைப் போனிலிருந்து அழிக்காதீர்கள். 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய சாட்சிய அதிநியத்தின் 63ஆம் பிரிவின்படி, மின்னணுப் பதிவின் நகலைக் கோர்ட்டில் வைக்கச் சான்றிதழ் இணைக்க வேண்டும். அசல் கையில் இருந்தால் சான்றிதழ் வாங்குவது சுலபம்.