கண்ணகியும் ஜீப் இன்சூரன்சும்

தேனி மாவட்டத்திலிருந்து இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்குக் கூலியாட்களை ஏற்றிக்கொண்டு ஜீப்கள் போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியாக மலையேறுகின்றன. ஒன்று கவிழ்ந்து உயிர் போனால் துக்க வீட்டில் முதலில் எழும் சொல் விதி. ஆறுதலுக்குச் சொல்லும்வரை அதில் குறை காண ஒன்றுமில்லை. ஆனால், கைச்செலவுக்கு ஏதோ கொடுத்துவிட்டு வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்க வருகிறவருக்கும் அதே சொல் வசதியாகிவிடுகிறது. ஊழை நம்புகிறவர் இழப்பீடு கேட்பது முரணா?

முரணில்லை என்பதற்கு அந்த மலையிலேயே சாட்சி உண்டு. பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது மங்கலதேவி கண்ணகி கோட்டம். சித்திரா பௌர்ணமிக்குக் குமுளியிலிருந்து பக்தர்கள் போவதும் ஜீப்பில்தான். ஊழ்வினையைத் தன் காப்பியத்தின் மூன்று கருத்துகளில் ஒன்றாக வைத்தவர் இளங்கோவடிகள். முற்பிறவியில் சங்கமன் என்ற வணிகனை ஒற்றன் என்று காட்டிக்கொடுத்துக் கொல்வித்த வினைதான் கோவலனை வந்து சேர்ந்தது என்று மதுராபதித் தெய்வம் கண்ணகிக்குச் சொல்கிறது. எப்போது சொல்கிறது? சிலம்பு உடைந்து, பாண்டியன் தன் பிழையை ஒப்புக்கொண்டு உயிர்விட்டு, மதுரை பற்றியெரியும்போது. ஊழ் இன்னதென்று தெரிந்த பிறகும் அரசன் குற்றமற்றவன் ஆகிவிடவில்லை. கோவலனுக்கு ஏன் நேர்ந்தது என்பதற்கு ஊழ் விடை. யார் பொறுப்பு என்பது அரசவையிலேயே முடிந்துவிட்டது.

உயிருக்கு விலை பேசலாமா என்பார்கள். வாகன விபத்துத் தீர்ப்பாயம் எண்ணுவது இறந்தவரின் வயதையும் கூலியையும், அவரை நம்பியிருந்தவர்களையும்தான். மோட்டார் வாகனச் சட்டத்தின் 164ஆம் பிரிவோ, 2022 ஏப்ரல் முதல், யார் தவறு என்று நிரூபிக்கச் சொல்லாமலே சாவுக்கு 5 லட்சமும் கொடுங்காயத்துக்கு 2.5 லட்சமும் தரச் சொல்கிறது. பிரேக் பிடிக்காமல் போனது தெய்வச் செயல் என்றே வைத்துக்கொண்டாலும் பணம் தந்தாக வேண்டும். இதைவிடக் கடினமான மறுப்பு ஒன்று உண்டு: ஆள் நிறைந்த ஜீப் என்று தெரிந்துதானே ஏறினார், அது அவர் வினை அல்லவா? சட்டமே இங்கே கொஞ்சம் கைவிடுகிறது. பாலிசியில் எத்தனை பயணிகளோ அத்தனை பேருக்குத்தான் இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பு, மிச்சம் உரிமையாளருடையது என்று 2007இல் அஞ்சனா ஷியாம் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த ஒற்றை ஜீப்பைத் தவிர எதுவுமில்லாத உரிமையாளரிடம் எதை வசூலிப்பது? இருந்தாலும், ஏறாவிட்டால் அன்றைய கூலி போய்விடும் என்று ஏறியவர் செயலும், தலைக்கு இவ்வளவு என்று ஏற்றியவர் செயலும் ஒரே எடை ஆகா. வினைக்கோட்பாடு மெய்யானால் ஏற்றியவருக்கும் வினை உண்டு. இறந்தவர் கணக்கில் மட்டும் அதை எழுதுவது மோசடி.

வழக்கை இடுக்கியில்தான் போட வேண்டும் என்பதில்லை. குடும்பம் வசிக்கும் பகுதியின் வாகன விபத்துத் தீர்ப்பாயத்திலேயே மனுக் கொடுக்கலாம். சட்டத்தில் எழுதியிருக்கும் கெடு ஆறு மாதம். கருமாதி முடிந்த கையோடு முதல் தகவல் அறிக்கை, ஜீப்பின் பதிவு எண், பாலிசி நகல் மூன்றையும் வாங்கி வையுங்கள். அதுவரை எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.