கடையடைப்பா, கடனடைப்பா?

 

1941-ஆம் வருஷம் டிசம்பர் 11-ந் தேதி, வியாழக்கிழமை, ஜப்பானிய விமானங்கள் நம் ஜார்ஜ் டவுன் மீது குண்டு பொழிந்தன. ஆங்கிலேயரின் விமானங்களென்று எண்ணி, ஜனங்கள் வீதியில் நின்று அண்ணாந்து வேடிக்கை பார்த்தார்கள். நின்ற இடத்திலேயே பலர் மாண்டார்கள். 19-ந் தேதி தீவு ஜப்பானியர் கைக்குப் போயிற்று.

அந்த மௌத்துகளுக்கென்று ஒரு தனி ஞாபகார்த்த தினம் வேண்டும், அன்று கடைகளை அடைக்க வேண்டும் என்று நம்மவரில் சிலர் சொல்லுகிறார்கள். "இல்லாவிட்டால் பிள்ளைகளுக்கு எப்படித் தெரியும்?" என்கிறார்கள். நியாயமான கேள்வியே. நாம் ஆலிம் அல்ல. மதரஸாவில் ஓதிய அளவில் சொல்லுகிறோம்.

நம் மார்க்கம் துக்கத்திற்கு எல்லை வகுத்திருக்கிறது. கணவனை இழந்தவளுக்கு நாலு மாதம் பத்து நாள். மற்றவர்க்கு மூன்று நாள். துஆவுக்கும் தருமத்துக்கும் எல்லை வகுக்கவில்லை.

நாளை மட்டும் வைத்துக்கொண்டால் என்னாகும்? நம் பினாங்கின் போரியாவைப் பாருங்கள். இந்தியப் பட்டாளத்தாரோடு வந்த முஹர்ரம் துக்கத்திலிருந்து பிறந்தது அது என்பார்கள். இன்று அது பாட்டும் ஆட்டமும் நகைச்சுவையுமாய் மேடையேறுகிறது. அழுகை போய்விட்டது, ஆட்டம் நின்றுவிட்டது. மேலும், சயாம் ரயில் பாதையில் மாண்ட பல்லாயிரம் தமிழ்த் தொழிலாளரில் எத்தனை பேருக்கு மௌத்தான தேதி தெரியும்? அவர்களுக்கு எந்த நாளை வைப்பது?

எங்கள் பாட்டனார் அந்நாளில் சூலியாத் தெருவில் மளிகைக் கடை வைத்திருந்தார். ஒரு படகுக்காரர் அவரிடம் 40 வெள்ளி அமானிதமாகக் கொடுத்திருந்தார். குண்டு விழுந்த அன்று அந்த மனிதர் மௌத்தாகிவிட்டார். வாழைமரம் போட்ட ஜப்பான் நோட்டில் 40-ஐ யாரிடமாவது கொடுத்துப் பேரேட்டை அடித்திருக்கலாம். பாட்டனார் அப்படிச் செய்யவில்லை. 1945-ல் அந்த நோட்டு வெறும் காகிதமாயிற்று. அதன் பிறகு படகுக்காரரின் மகனைத் தேடிப் பிடித்து, செல்லும் பணமாக 40 வெள்ளியை எண்ணிக் கொடுத்தார். பாட்டனார் எந்த தினமும் கொண்டாடியதில்லை. ஆனால் அந்தப் பெயரை நாலு வருஷம் ஒரு நாளும் மறந்ததில்லை.

ஆகவே தினமே கூடாதென்று நாம் சொல்லவில்லை. வைத்தால் அதற்கொரு வேலையையும் வைப்போம். டிசம்பர் 11-ல் கடை திறந்தே இருக்கட்டும். அன்று பேரேட்டைப் புரட்டிப் பார்ப்போம். மௌத்தான வாடிக்கையாளருக்கும் வேலையாளுக்கும் நாம் தரவேண்டிய பாக்கியை வாரிசுகளிடம் சேர்ப்போம். அன்றைய லாபத்தில் ஒரு பங்கை எத்தீம் பிள்ளைகளின் படிப்புக்கு ஒதுக்குவோம். மஃரிபுக்குப் பின் நம் பிள்ளைகளை உட்காரவைத்து, இந்த வீதிகளில் நடந்ததைச் சொல்லி, எல்லோருமாகத் துஆச் செய்வோம்.

கடையை அடைப்பது எளிது, சகோதரர்களே. கடனை அடைப்பதுதான் கஷ்டம். மௌத்தானவர்களுக்குப் போய்ச் சேருவது எதுவென்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

அல்லாஹ் அவர்களுடைய பிழைகளைப் பொறுத்து, நம் கணக்கையும் நேராக்கி வைப்பானாக! ஆமீன்.