பள்ளிக்குப் போகாமல் டீச்சர் ஆகாதீர்கள்

ஆசிரியர் படிப்பில் தொலைநிலையில் சேர்ந்து, பாடங்களைக் கைபேசியில் கேட்டுக்கொண்டிருக்கும் ராயப்பேட்டைப் பிள்ளைகளுக்கு இதை எழுதுகிறேன். பகலெல்லாம் கடையில் பில் போட்டுவிட்டு இரவு பத்து மணிக்கு வீடியோவைத் திறக்கிறீர்கள். கைக்குழந்தையைத் தூங்கவைத்துவிட்டு அசைன்மென்ட் எழுதுகிறீர்கள். நர்சரிப் பள்ளியில் சொற்பச் சம்பளத்துக்கு வேலை பார்த்துக்கொண்டே தகுதியையும் தேடுகிறீர்கள். இப்படி ஒரு வழி இல்லையென்றால் உங்களில் பலருக்கு டீச்சர் ஆகும் ஆசை கல்யாணத்தோடு முடிந்துபோயிருக்கும். அதனால் தயங்காமல் படியுங்கள். ஆனால், டீச்சிங் பிராக்டீஸில் மட்டும் ஏமாற்றிவிடாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

நடப்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். காசு கொடுத்தால் ரெக்கார்டு எழுதித் தர ஆள் உண்டு. போன வருஷம் முடித்த அக்காவின் லெசன் பிளானில் பெயரையும் தேதியையும் மாற்றினால் வேலை முடிந்தது. தெரிந்த பள்ளியில் ஹெச்.எம். கையெழுத்தும் சீலும் வாங்கிவிடலாம். மூன்றாம் வகுப்பு எந்தப் பக்கம் இருக்கிறது என்றுகூடப் பார்க்காமல் 'பயிற்சி நிறைவு' என்று எழுதிக்கொள்ளலாம். கேட்டால், "எல்லாரும் இப்படித்தான் பண்றாங்க" என்கிறார்கள்.

அந்த மூன்றாம் வகுப்புக்குள் ஒரு நிமிஷம் வாருங்கள். 42-லிருந்து 17-ஐக் கழிக்கச் சொல்கிறீர்கள். ஒரு பையன் 35 என்று எழுதிக் காட்டுகிறான். தப்பு போட்டுவிட்டு அடுத்த நோட்டுக்குப் போய்விடலாம். பக்கத்தில் உட்கார்ந்து, "எப்படிப் போட்டே?" என்று கேட்டுப் பாருங்கள். "பெருசுலேர்ந்துதானே மிஸ் சின்னதைக் கழிக்கணும்? ஏழுல ரெண்டு போனா அஞ்சு, நாலுல ஒண்ணு போனா மூணு" என்பான். அவன் கவனக்குறைவாக எதுவும் செய்யவில்லை. முந்தைய வகுப்பில் யாரோ சொல்லிக்கொடுத்ததை அப்படியே பிடித்துக்கொண்டிருக்கிறான். ஒரு பத்துக் குச்சிக் கட்டைப் பிரித்து அவன் கையில் கொடுத்தால் அன்றைக்கே தெளிந்துவிடுவான். கொடுக்காவிட்டால் அந்தத் தப்பு அவனோடு ஐந்தாம் வகுப்புவரை வரும்; அதற்குள் 'இவனுக்குக் கணக்கு வராது' என்று பெயரும் கட்டிவிடுவார்கள். "எப்படிப் போட்டே?" என்று கேட்கும் பழக்கம் எந்த வீடியோவிலிருந்தும் கைக்கு வராது. நாற்பது பிள்ளைகள் சத்தம் போட, பின்பெஞ்சில் ஒருத்தி அழ, மணி அடிக்கப் போகிறது என்ற அவசரத்தில் கேட்டுக் கேட்டுத்தான் வரும்.

நம் பேட்டையிலேயே 1937-லிருந்து மெஸ்டன் கல்லூரி ஆசிரியர்களைப் பழக்கிவருகிறது. இப்படிப்பட்ட கல்லூரிகளில் படித்தவர்களைக் கேட்டால் கிரிட்டிசிசம் கிளாஸைப் பற்றிச் சொல்வார்கள். நீங்கள் பாடம் எடுக்க, சக மாணவர்களும் பேராசிரியரும் பின்னால் உட்கார்ந்து குறை குறையாக எழுதுவார்கள். கூசிப்போகும். ஆனால் அதில்தான் உருவானோம் என்பார்கள். வீட்டிலிருந்து படிப்பவருக்கு அந்தப் பின்வரிசை இல்லை. அதை நீங்களேதான் தேடிக்கொள்ள வேண்டும்.

பழுத்த ஆசிரியர்களுக்கே நேரில் பார்ப்பது தேவைப்பட்டது. 2003-ல் எம்.பி. விஜயகுமார் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்தபோது அதன் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. அதற்காக நம் ஆசிரியர்கள் ரிஷிவேலிப் பள்ளிக்கே போய், அங்கே பிள்ளைகள் அட்டைகளை வைத்துக்கொண்டு தாமாகப் படிப்பதைக் கண்ணால் பார்த்து வந்தார்கள். 2007-ல் அது மாநிலம் முழுக்கப் பரவியது.

சட்டமும் பயிற்சி விஷயத்தில்தான் கறாராக நிற்கிறது. 2014-ல் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் (என்.சி.டி.இ.) ஒரு வருஷப் பி.எட்.டை இரண்டு வருஷமாக்கி, அதில் 20 வாரம் பள்ளியில் இருந்தாக வேண்டும் என்றது. 2023 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம், ஒன்றிலிருந்து ஐந்தாம் வகுப்புவரை கற்பிக்கப் பி.எட். தகுதியாகாது என்று தீர்ப்பளித்தது. சின்னப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் பயிற்சி அந்தப் படிப்பில் இல்லை, நல்ல தொடக்கக் கல்வி குழந்தையின் அடிப்படை உரிமை என்பது காரணம். வேலையிலிருந்த பயிற்சி பெறாத ஆசிரியர்களுக்காக 2017-ல் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் (என்.ஐ.ஓ.எஸ்.) இணையம் வழியாகவும் டி.வி. வழியாகவும் 18 மாதத் தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்பை (டி.எல்.எட்.) நடத்தியது. லட்சக்கணக்கானோர் சேர்ந்தார்கள். அது இரண்டு வருஷப் பட்டயத்துக்குச் சமமில்லை என்று 2023 நவம்பரில் தீர்ப்பு வந்தபோது எத்தனை வீடுகள் ஆடிப்போயிருக்கும்! 2017 ஆகஸ்ட் 10 அன்று வேலையில் இருந்தோருக்கு அது செல்லும் என்ற விளக்கம் 2024 டிசம்பரில்தான் வந்தது. ஆகவே, "வீட்டிலிருந்தே டீச்சர் ஆகலாம்" என்ற விளம்பரத்தைப் பார்த்ததும் நகையை அடகு வைத்துவிடாதீர்கள். என்.சி.டி.இ. அங்கீகாரம் அந்தப் படிப்புக்கு, அந்த வருஷத்துக்கு, அந்த முறைக்கு இருக்கிறதா என்று அவர்கள் இணையதளத்திலேயே பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

தலைமையாசிரியர்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. தெரிந்த பெண், பாவம், கஷ்டப்படுகிறாள் என்று இரக்கப்பட்டு, வராத நாளுக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். நாளை அவளிடம் படிக்கப்போகும் பிள்ளைகளும் கஷ்டப்பட்ட வீட்டுப் பிள்ளைகள்தான். காசுள்ளவர் வீட்டுப் பிள்ளைக்குப் பள்ளியில் விட்டதை டியூஷன் மிஸ் ஈடுகட்டிவிடுவார். மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைக்குக் கிடைப்பது நீங்கள் அனுப்பும் அந்த ஒருத்தி மட்டுமே.

லீவு கிடைக்கவில்லை என்றால் கடை முதலாளியிடம் பேசுங்கள், வாரம் ஒரு நாளாவது மாற்றி வாங்குங்கள். முடியவே இல்லையா? இந்த வருஷம் பிராக்டீஸைத் தள்ளிப்போட்டு, அடுத்த வருஷம் முழுதாகச் செய்யுங்கள். ஒரு வருஷம் தாமதமானால் குடிமுழுகிப் போய்விடாது. எழுதிவைத்த ரெக்கார்டு யாரிடமாவது வாங்கியதாக இருந்தால் இன்றைக்கே கிழித்துப் போடுங்கள். திங்கட்கிழமை காலை உங்கள் தெருவுக்குப் பக்கத்துத் தொடக்கப் பள்ளிக்குப் போய், "ஒரு வாரம் ஒண்ணாம் கிளாஸ்ல பின்னாடி உட்கார்ந்து பார்க்கட்டுமா மேடம்?" என்று கேளுங்கள். நோட்டில் பாடத் தலைப்பை எழுத வேண்டாம். எந்தப் பிள்ளை எந்தக் கணக்கில் எப்படித் தப்பு செய்தது, ஏன் அப்படிச் செய்தது என்று மட்டும் எழுதுங்கள்.