எந்தப் பாட்டியின் சேலை?

ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு மருத்துவமனைக்குப் பிரசவத்துக்குக் கிளம்பும் குடும்பங்கள் கையோடு கொண்டுபோகும் பொருள்களில் ஒரு துணிமூட்டை தவறாது. துவைத்து, வெயிலில் உலர்த்தி, கிழித்து மடித்த பழைய நூல் சேலைகள். புதுச்சட்டை அநேகமாக இருக்காது. பிள்ளை பிறக்கும் முன்பே சாமான் வாங்கிவைத்தால் கண் படும் என்று வீட்டுப் பெரியவர்களுக்குப் பயம். பிறந்த பிறகும் தீட்டுக் கழியும்வரை பல வீடுகளில் புதுத்துணி கிடையாது. முதலில் மேலே படுவது பழந்துணிதான். அது நெடுநாள் வாழ்ந்த பாட்டியின் சேலையாக இருந்தால் அந்த ஆயுள் பிள்ளைக்கும் ஒட்டும் என்பார்கள்.

இதே பெரியவர்கள்தான் பிள்ளை வரம் கேட்டுக் கோயில் மரத்தில் சேலைத்துண்டைத் தொட்டிலாகக் கட்டி, அதற்குள் ஒரு கல்லையும் கிடத்துகிறார்கள். வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கு மெத்தை தைக்கக் கூடாது, வயிற்றுக்கே வராத பிள்ளைக்குத் தொட்டில் கட்டலாம்! முரண்பாடு என்று சிரித்துவிட்டுப் போகலாம். யோசித்தால் இரண்டும் ஒரே மனசுதான். மரத்தில் கட்டுவது கேட்பது. முன்கூட்டித் தைத்துவைப்பது, கிடைத்துவிட்டது என்று முடிவு கட்டுவது. கேட்பதைத் தெய்வம் பொறுக்கும், முடிவு கட்டுவதைப் பொறுக்காது என்று வழக்கம் நினைக்கிறது.

துணியையும் கொஞ்சம் பார்த்துவிடலாம். பல வருஷம் கட்டித் துவைத்த நூல் சேலையில் கஞ்சியும் மிச்சச் சாயமும் போய், இழை தளர்ந்து, ஈரத்தைச் சட்டென்று உறிஞ்சும் பதத்துக்கு வந்திருக்கும். பிறந்த பிள்ளையின் தோலுக்கு அதைவிட இதமான துணி கடையில் கிடைப்பது கஷ்டம். கரையைக் கிழித்தெடுத்துவிட்டு, மூன்று நான்கு மடிப்பாகத் தரையில் விரித்து, நான்கு மூலையிலும் கனம் வைத்துச் சுருக்கம் நீக்குவார்கள். நடுவில் தொடங்கி ஓரம் நோக்கி ஓட்டுத் தையல் போட்டுவர வேண்டும். ஓரத்திலிருந்து ஆரம்பித்தால் நடுவில் துணி உப்பிக்கொள்ளும். விளிம்பை உள்ளே மடித்துத் தைத்தால் படுக்கை தயார். காலடிப்பேட்டை, தண்டையார்பேட்டை, எண்ணூர்ப் பக்கத்து ஒற்றை அறை வீடுகளில் குழந்தைக்குத் தனி அறை எங்கே இருக்கிறது? உத்தரத்துக் கொக்கியில் தொங்கும் தூளியும் தரையில் விரித்த இந்தத் துணியும்தான் பிள்ளையின் அறை.

காலடிப்பேட்டையே துணியால் உண்டான ஊர். 1717 முதல் 1720 வரை சென்னையின் ஆளுநராக இருந்த ஜோசப் காலட், கிழக்கிந்தியக் கம்பெனியின் துணி வியாபாரத்துக்காக நெசவாளர்களைக் குடியேற்றிய இடம் அது. இங்கே நெய்தது கப்பலேறிப் போனது. உடுத்திக் கிழிந்தது மட்டும் வீட்டோடு தங்கியது.

கப்பல் வியாபாரம் என்றால் காலடிப்பேட்டை இருக்கும் திருவொற்றியூரிலேயே இன்னொருவர் நினைவுக்கு வந்தாக வேண்டும். கடற்கரையோரம் சமாதி கொண்டிருக்கும் பட்டினத்தார். காவிரிப்பூம்பட்டினத்துப் பெருவணிகர், குழந்தை இல்லாமல் ஒரு பிள்ளையை எடுத்து வளர்த்தவர். அந்தப் பிள்ளை வளர்ந்து, கடல் கடந்து போய் வந்து, ஒருநாள் ஒரு பெட்டியை விட்டுவிட்டு மறைந்தது. உள்ளே ஓர் ஓலை, காது முறிந்த ஓர் ஊசி. எதற்கும் உதவாத இந்த ஊசிகூடக் கடைசியில் கூட வராது என்பது ஓலையின் செய்தி. வணிகர் அன்றே எல்லாவற்றையும் விட்டார். பட்டினத்தார் என்ற பெயரில் பாடியவர் ஒருவரா, பலரா என்று ஆய்வாளர்களிடையே வழக்கு உண்டு. திருவொற்றியூர் மக்களுக்கு அந்த வழக்கு தேவைப்படவில்லை.

இந்த ஊசியை வைத்துக்கொண்டு ஒரு கேள்வி கேட்கலாம். பிள்ளைக்குப் படுக்கை தைப்பதும் பற்றுத்தானே? ஒவ்வொரு தையலும் ஒரு முடிச்சுத்தானே? துறவுதான் உயர்ந்தது என்றால், தூளிக்கு அடியில் உட்கார்ந்து நூல் கோக்கும் தாய் எங்கே நிற்கிறாள்?

பதில் பட்டினத்தாரிடமே இருக்கிறது. தாய் இறந்தால் வந்து கொள்ளி வைப்பேன் என்று வாக்குக் கொடுத்திருந்தவர், சொன்னபடி வந்தார். பச்சை வாழை மட்டையை அடுக்கிப் பாடியே தீ மூட்டினார் என்கிறது கதை. அப்போது பாடியதாக வழங்கும் பாட்டுகளில் தத்துவம் குறைவு. தாய் தன்னைத் தொட்டில் முதல் கட்டில்வரை எங்கெங்கே கிடத்தி வளர்த்தாள் என்று எண்ணி எண்ணி அழுகிறார். செல்வம், மனைவி, மாளிகை எதையும் திரும்பிப் பாராத மனிதருக்குக் குழந்தையில் கிடந்த இடம் மறக்கவில்லை. காது முறிந்த ஊசி தைக்காது, சேர்த்துவைத்துக்கொள்ள மட்டுமே ஆகும். ஓலை ஏளனம் செய்வது அந்தச் சேர்ப்பைத்தான். காதுள்ள ஊசி வேறு. அது தன் வேலையை இன்னொருவர் துணியில் விட்டுவிட்டுப் போகிறது.

துறவிக்கும் குழந்தைக்கும் ஒரே துணி என்பது பௌத்தத்தின் மண்ணில் இன்னும் வெளிப்படை. குப்பைமேட்டிலும் சுடுகாட்டிலும் கிடக்கும் கந்தலைப் பொறுக்கிப் பிக்குகள் உடுத்திய காலம் உண்டு. மகதத்து வயல் வரப்புகளைக் காட்டிப் புத்தர் சொல்ல, அந்த வடிவத்தில் ஆனந்தர் துண்டுகளை இணைத்துச் சீவரம் அமைத்தார் என்று விநய பிடகம் கூறுகிறது. அந்த மகதம் இருந்த பீகாரில் பிறந்த குழந்தைக்குப் பழஞ்சேலைகளை அடுக்கித் தைப்பதற்குச் சுஜனி என்று பெயர். அங்கே கந்தலுக்கென்றே சித்திரியா மா என்று ஒரு தெய்வமும் உண்டு. சிதறிக் கிடந்தது ஒன்றாகும்போது தெய்வம் வருகிறது என்பது நம்பிக்கை. ராயபுரம் புனித பேதுரு ஆலயத்துக்குப் போகிறவர்களுக்கும் துணியில் தெய்வத்தைக் காண்பது புதிதாக இருக்காது. லூக்கா நற்செய்தியில் இடையர்களுக்குத் தூதன் சொல்லும் அடையாளமே துணியில் சுற்றிக் கிடத்திய பிள்ளைதான்.

இதையெல்லாம் சொல்லி வறுமையை அழகாக்கிவிடக் கூடாது. தமிழக அரசு 2015இல் தொடங்கிய அம்மா குழந்தை நலப் பரிசுப் பெட்டகத்தில் 16 பொருள்கள் இருந்தன. அவற்றில் ஒரு குட்டி மெத்தையும் கொசுவலையும் உண்டு. அதை வாங்கிய தாய்மார் சந்தோஷப்பட்டதில் ஒரு தவறும் இல்லை. பாட்டி சேலையும் வேண்டும், புது மெத்தையும் வேண்டும் என்று ஆசைப்பட ஏழைக்கும் உரிமை உண்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் கலந்து எண்ணூர்க் கழிமுகத்துக் குடியிருப்புகளுக்குள் புகுந்தபோது இரண்டுமே போயின. எத்தனை முறை துவைத்தாலும் விடாத கரி எண்ணெய் அது. இதற்குப் போய் நிலையாமை என்று பெயர் வைப்பது, கழிவை விட்டவர்களுக்குத்தான் வசதி.

கடைசியாக, பலர் பேசத் தயங்கும் ஒரு விஷயம். பாட்டி சேலை என்று சொல்லும்போது எல்லாப் பாட்டியையும் சேர்த்துச் சொல்வதில்லை. சுமங்கலிப் பாட்டியின் சேலையைத் தேடி எடுக்கும் சில வீடுகளில், கணவனை இழந்தவரின் சேலை மட்டும் பீரோவிலேயே தங்கிவிடுகிறது. அவர் இரவெல்லாம் பிள்ளையைத் தூக்கிவைத்திருக்கலாம், எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டலாம், தூளியை ஆட்டலாம். துணி மட்டும் கூடாதாம். பட்டினத்தாரோ சிறுவயதிலேயே தந்தையை இழந்து தாய் கையில் வளர்ந்தவர் என்றுதான் கதை சொல்கிறது. அவர் கிடந்த தொட்டில்துணி எந்தச் சேலையில் கிழித்ததாக இருந்திருக்கும்? ஆயுள்தான் ஒட்ட வேண்டும் என்றால், இழப்பையும் தாங்கி எண்பது வயது வாழ்ந்தவளின் சேலையைவிடப் பொருத்தமானது எது?

ஆகவே, பேரப்பிள்ளைக்குத் தைக்க உட்காருகிறவர்கள் அந்தப் பாட்டியிடமே முதலில் கேட்டு வாங்குங்கள். வெந்நீரில் துவைத்து நல்ல வெயிலில் காயவையுங்கள். படுக்கையை மெல்லியதாக, இழுத்துத் தைத்து, சமதரையில் விரியுங்கள். ஒரு வயதுவரை தலையணையும் தளர்ந்த போர்வையும் வேண்டாம் என்று குழந்தை மருத்துவர்கள் சொல்வதையும் கேளுங்கள்.