குடமும் பொறியும்

"பொறிக்குச் சாதியில்லை, மதமில்லை, கைக்கூலி வாங்கும் பழக்கமுமில்லை. ஆகவே அது சொல்வதே நடுநிலை!" மாமல்லபுரத்துக் கடற்கரையில், சிற்பிகளின் உளியோசை கேட்கும் இடத்தில், அண்மையில் நம்மிடம் இப்படி வாதிட்டார் ஓர் இளைஞர். மறைமலை நகர்த் தொழிற்சாலையில் உழைப்பவர், பகுத்தறிவில் பற்றுடையவர்.

அந்த வாதம் அவருடைய பணத்தையே தொடுவது. தொழிலாளரின் வருங்கால வைப்பு நிதியில் ஒரு பகுதி, 2015 முதல், பங்குச் சந்தை நிதிகளின் வழியே பெரிய நிறுவனங்களின் பங்குகளாகிறது. பங்கு உள்ள இடத்தில் வாக்கும் உண்டு. ஆனால், பணம் தொழிலாளியுடையது; வாக்கோ நிதியை நிர்வகிப்போர் கையில்!

அந்த வாக்கு அற்பமானதன்று. பழைய செங்கற்பட்டு மாவட்டத்து ஒரகடத்திலும் வல்லத்திலும் ராயல் என்ஃபீல்டு வண்டிகள் உருவாகின்றன. அவற்றின் உரிமையாளரான ஐஷர் மோட்டார்ஸ், 2021 ஆகஸ்டில், சித்தார்த்த லாலை மேலாண் இயக்குநராக மீண்டும் அமர்த்தி ஊதியம் வகுக்கும் சிறப்புத் தீர்மானத்தைப் பங்குதாரர் முன் வைத்தது. நூற்றுக்கு 75 வாக்கு வேண்டும். கிடைத்தது சுமார் 73. தீர்மானம் தோற்றது. சில நாட்களில், ஊதிய உச்சவரம்பைக் குறைத்துக்கொண்டு மீண்டும் வந்தது நிர்வாகக் குழு.

இத்தகைய தீர்மானங்கள் ஆண்டுதோறும் ஆயிரமாயிரம். எல்லாவற்றிலும் வாக்களித்தே ஆகவேண்டும் என்பது 2022 ஏப்ரல் முதல் பரஸ்பர நிதிகளுக்குச் செபி இட்ட கட்டளை. படித்துத் தீர்ப்பது எளிதா? ஆலோசனை நிறுவனங்களை நாடினர். இப்போது செயற்கை நுண்ணறிவை நாடுகின்றனர். அமெரிக்காவில் ஜே.பி. மார்கனின் சொத்து மேலாண்மைப் பிரிவு, ஆலோசனை நிறுவனங்களை விலக்கித் தன் சொந்தப் பொறியைத் துணைகொள்வதாக 2026 ஜனவரியில் செய்தி வந்தது.

பொறி வேண்டாம் என்று நாம் கூறவில்லை. நூறு பக்க அறிக்கையில் ஒளிந்துகிடக்கும் எண்ணை அது கண்டெடுத்தால் வரவேற்போம். நம் கேள்வி வேறு. வாக்குக்குக் காரணம் கூறவேண்டும் என்கிறது விதி. அந்தக் காரணத்தையும் பொறியே எழுதிவிட்டால், விடை கூறக் கடமைப்பட்டவர் யார்?

செங்கற்பட்டுக்கு மேற்கே உத்திரமேரூர். முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் அங்கே குடவோலை முறையை விளக்குகின்றன. ஓலையை எடுப்பவன் ஒன்றும் அறியாச் சிறுவன். அவன் கையில் கறையில்லை. ஆனால், நிலமும் வேதக் கல்வியும் உடையவர் பெயரே குடத்துக்குள் போகலாம் என்று வகுத்தவன் சிறுவனா? உழுதவன் பெயர் குடத்தருகே வரவில்லையே! கை தூயது, விதி தூயதன்று.

பொறியின் கதையும் இதுதான். தொழிலாளியின் கூலி கணக்கில் சேருமா, கடலில் கலக்கும் கழிவு கணக்கில் சேருமா, இலாபம் ஒன்றே கணக்கா என்பதை முடிவு செய்வோர் மனிதர். முடிவு செய்துவிட்டு, "பொறி சொல்லிற்று" என்று ஒதுங்கினால், "ஆண்டவன் சொன்னான்" என்று ஒதுங்கிய பூசாரிக்கும் அவர்களுக்கும் என்ன வேறுபாடு? கேள்வி கேட்க இயலாத இடத்தில் பகுத்தறிவு இல்லை; பக்திதான் உண்டு.

அதே கல்வெட்டு இன்னொன்றும் சொல்கிறது: வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனுக்குக் குடத்தில் மீண்டும் இடமில்லை. அதை மட்டும் எடுத்துக்கொள்வோம். வாக்களித்த மனிதர் தம் பெயரால் காரணம் கூறட்டும். கூறாதவர் கையில் நம் பணம் இருக்கலாகாது.

இளைஞர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "என் பணத்துக்குரிய வாக்கு எந்தப் பக்கம் போயிற்று என்று இதுவரை நான் கேட்டதே இல்லை" என்றார். பொறியின் மீது மட்டும் பழி சுமத்த முடியாது, தோழர்களே! நாமும் கேட்கவில்லை. இனிக் கேட்போம்.